தவிலில் பாதி எங்கே போயிற்று?

வெள்ளவத்தையில் வசிக்கும் நம் பெரியப்பாவுக்கு வயது 82. வாலிபப் பருவத்தில் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில், தவில் மேதை தெட்சணாமூர்த்தி அவர்களின் வாசிப்பைக் கேட்பதற்காக விடிய விடிய மணலில் அமர்ந்திருந்தவர். 1975 ஆம் ஆண்டில் அந்த மேதை மறைந்த பிறகும் பெரியப்பாவின் இரவுகள் அவருடைய தவிலோடுதான் கழிந்து வந்தன. முதலில் ஒலிநாடா, பின்னர் இறுவட்டு, இப்போது பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தேடிக் கொடுக்கும் பழைய பதிவுகள். பெரியம்மாவுக்கோ இரவு 9 மணிக்கே உறக்கம் வந்துவிடும். இவருடைய தவிலும் அவருடைய தூக்கமும் ஒரே அறையில் ஒத்துவாழ இயலாமையால், சென்ற வருடம் அவருக்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுத்தோம். புறக்கோட்டையில் 2,500 ரூபா விலை சொன்ன கம்பியில்லா ஹெட்போன் அது. இரு காதுக்குள்ளும் செருகிக்கொள்ளும் இரண்டு சிறு குமிழ்களாக வருகிறதே, அந்த இனம்.

மூன்று நாள் உபயோகித்தார். நான்காம் நாள் அது மேசை லாச்சிக்குள் போய்விட்டது. காரணம் கேட்டபோது அவர் சொன்ன மறுமொழி இன்றும் நம் நினைவில் இருக்கிறது.

"தம்பி, வலந்தலை கேட்குது, தொப்பியைக் காணேல்லை. என்ரை காது பாதி செத்துப்போச்சுது போலை."

தவிலுக்கு இரு முகங்கள் உண்டென்பதை வாசகர்கள் அறிவார்கள். கூடு மாட்டிய விரல்களால் வாசிக்கும் வலது முகம் வலந்தலை. அதன் ஒலி கணீரென்று கூர்மையாக இருக்கும். கழியால் அடிக்கும் இடது முகம் தொப்பி. நெஞ்சுக்குள் இறங்கும் 'கும்' என்ற நாதம் அதனுடையது. அந்தக் 'கும்' இல்லாத தவில், பருப்பில்லாத கல்யாணம் போலத்தான். மேல்நாட்டுச் சங்கீதக்காரர் இந்தக் கனத்த ஒலியைப் 'பேஸ்' என்கிறார்கள்.

நாம் என்ன செய்தோம்? "வயது போனால் காது மந்தமாவது இயல்புதானே, பெரியப்பா" என்று ஆறுதல் கூறிவிட்டு வந்தோம். ஆறுதலென்று எண்ணித்தான் சொன்னோம். ஆனால் அந்த வார்த்தையைத் தீர்ப்பாக ஏற்றுக்கொண்டு பெரியப்பா நான்கு மாத காலம் தவில் கேட்பதையே விட்டுவிட்டார். வீட்டில் யாராவது பேசினாலும், "எனக்குக் கேட்காது, விடுங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினார். பெரியம்மா இதை நமக்குச் சொன்னபோது கண்கலங்கினார்.

பின்னர் ஒரு நாள் நம் சகோதரி அவரைக் காது வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். பரிசோதனை முடிந்து ஒரு வரைபடம் கொடுத்தார்கள். செக்கனுக்கு 250 அதிர்வு என்ற தாழ்ந்த சுருதியில் தொடங்கி 8,000 அதிர்வு வரை, எந்த எந்தச் சுருதி எவ்வளவு மெதுவாக ஒலித்தாலும் கேட்கிறது என்று காட்டும் படம் அது. பொறியியல் படிக்கும் நம் மருமகன் அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "மாமா, தாத்தாவுக்குக் குறைந்திருப்பது கீச்சொலிப் பக்கம். கோடு வலது கைப்பக்கம்தான் கீழே இறங்குகிறது. கனத்த ஒலிப் பக்கம் நன்றாகவே இருக்கிறது. காது கெட்டிருந்தால் வலந்தலையல்லவா முதலில் மங்க வேண்டும்? தொப்பி ஏன் போகிறது?" என்று கேட்டான்.

நமக்குச் சுரீரென்றது. முதுமையில் காது மந்தமாவது பெரும்பாலும் உயர்ந்த சுருதிகளிலிருந்துதான் தொடங்குகிறது. பெரியப்பாவின் முறைப்பாடோ அதற்கு நேர்மாறானது. நாம் காதைக் குற்றவாளியாக்கியிருந்தோம். குற்றவாளி லாச்சிக்குள் படுத்திருந்தது.

மருமகன் ஹெட்போன் வந்த பெட்டியைத் தேடி எடுத்தான். அடியில் ஒரு சிறு பொலித்தீன் பை, பிரிக்கப்படாமலே கிடந்தது. அதற்குள் சிறியதும் பெரியதுமாக இரண்டு சோடி றப்பர் மூடிகள். குமிழின் நுனியில் ஏற்கெனவே மாட்டியிருந்தது நடுத்தர அளவு. வாசகர்களில் எத்தனை பேர் அந்தப் பையைப் பிரித்திருப்பீர்கள்? நாம் வாங்கிய ஹெட்போன்களில் ஒன்றுக்கேனும் பிரித்ததாக ஞாபகமில்லை. சட்டையுடன் வரும் மேலதிகப் பொத்தானைப் போல அதையும் எண்ணியிருந்தோம்.

பெரியப்பாவின் வலக் காதுக்குப் பெரிய மூடியை மாட்டினான். இடக் காதுக்கு நடுத்தரமே போதுமானதாக இருந்தது. ஒரே மனிதரின் இரு காதுகளும் ஒரே அளவினவாக இருக்கவேண்டுமென்று நியதி கிடையாது. காது மடலை மறு கையால் மேலும் பின்னுமாகச் சற்றே இழுத்துப் பிடித்துக்கொண்டு, குமிழை உள்ளே வைத்து இலேசாகத் திருகினான். "தாத்தா, ஏதாவது பேசுங்கோ" என்றான். "என்னத்தைப் பேச?" என்ற பெரியப்பா திடுக்கிட்டார், தம் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அவருக்குக் கேட்டிருக்கிறது. காது சரியாக அடைபட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பின்னர் தவிலை ஒலிக்கவிட்டான்.

அந்த முகத்தை வருணிக்க நாம் முயலப்போவதில்லை. அரை மணி நேரம் எவருடனும் பேசாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார் என்று மட்டும் சொல்லி வைக்கிறோம்.

இத்தனைக்கும் காரணம் ஒரு றப்பர் மூடியா என்று வாசகர்கள் வியக்கலாம். நாமும் வியந்தோம். மருமகன் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை உதாரணம் காட்டி விளக்கினான். பம்புக்குள் இருக்கும் தோல் வாசர் கிழிந்திருந்தால் என்ன நடக்கும்? பிடியை மெதுவாக அழுத்தும்போது காற்று முழுவதும் இடுக்கு வழியே பின்னால் நழுவிவிடும். டயருக்குள் ஒன்றும் போகாது. வேகமாகக் குத்தினாலோ, நழுவ நேரமில்லாமையால் ஓரளவு காற்று உள்ளே போய்விடும். ஹெட்போனின் கதையும் இதுவே. அதற்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மெல்லிய தகடு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. கீச்சொலிக்கு அது செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை அசைவதால், காதோரம் இடைவெளியிருந்தாலும் காற்றுக்குத் தப்பியோட நேரமில்லை. கனத்த ஒலிக்கோ ஐம்பது, நூறு தடவையே அசைகிறது. சிறு இடைவெளி கிடைத்தாலும் அந்த அழுத்தம் வெளியே கசிந்துவிடும். ஆகவே, காதுக்கும் மூடிக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், தொப்பி போய் வலந்தலை மட்டும் எஞ்சுவதற்கு.

முன்னாளில் நம் வீட்டு விறாந்தையில் இருந்த வானொலிப் பெட்டியை நினைத்துக்கொள்கிறோம். இலங்கை வானொலியின் நாதஸ்வரக் கச்சேரி அந்தப் பெரிய மரப் பெட்டிக்குள்ளிருந்து அறை முழுவதும் நிறைந்து வரும். ஓர் அறையைக் கனத்த ஒலியால் நிரப்புவதற்கு அவ்வளவு பெரிய பெட்டி வேண்டியிருந்தது. ஆனால் அடைபட்ட காதுக் குழாயில் ஓர் அங்குலக் காற்றை அசைத்தால் போதும். அதனால்தான் பொத்தான் அளவுத் தகட்டுக்கும் அந்த வேலை கைகூடுகிறது. அடைப்புச் சரியாயிருந்தால் மாத்திரமே கைகூடுகிறது.

உங்கள் வீட்டு ஹெட்போனைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், நன்கு பழகிய ஒரு பாடலை ஒலிக்கவிட்டு, இரு குமிழ்களையும் விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தும்போது 'கும்' பெருகி, விட்டவுடன் குறையுமானால், மூடி சிறிது என்று அர்த்தம். பெட்டியில் வந்த மூன்று அளவுகளும் பொருந்தாதவர்களுக்குப் பஞ்சு போன்ற நுரை மூடிகள் தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. விரலால் கசக்கிச் சுருக்கிச் செருகினால் காதுக்குள் விரிந்து அடைத்துக்கொள்ளும். நமது அபிப்பிராயத்தில், இரண்டாவது ஹெட்போன் வாங்கச் செலவழிப்பதைவிட இந்த நுரை மூடிக்குச் செலவழிப்பதே புத்தி. றப்பர் மூடியே இல்லாது, காது வாசலில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் வகையும் உண்டு. அதை வாங்கிவிட்டுத் தொப்பியைத் தேடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டுவிட்டுக் குயவனை நோவது போன்றது.

காதை முழுவதும் மூடும் பெரிய ஹெட்போன் உபயோகிப்பவர்களுக்குக் கசிவு வேறு வழியில் வருகிறது. மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிவிடும். பெண்களுக்குத் தோடும், காதை மூடிய கூந்தலும் அதே வேலையைச் செய்யும். நம் நாட்டு வெக்கையிலும் வியர்வையிலும் அந்தச் செயற்கைத் தோல் மெத்தை வெகு சீக்கிரம் செதில் செதிலாக உரிந்து போகிறது. உரிந்த மெத்தை அடைக்காது. புது மெத்தை கிடைத்தால் மாற்றிவிடலாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பாட்டைக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மெல்லிய காம்புள்ள கண்ணாடியைப் பற்றி யோசிக்கலாம். தோட்டைக் கழற்றச் சொல்லும் துணிவு நமக்கில்லை.

குமிழின் வாயிலுள்ள சல்லடையில் காதுக் குறும்பி படிந்தாலும் ஒலி மங்கிவிடும். வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். தண்ணீர் கூடாது, ஊசி கூடவே கூடாது. சில குமிழ்களின் உடலில் வேறொரு சிறு துளையும் இருக்கும். அதைப் பசைநாடாவால் ஒட்டினால் 'பேஸ்' கூடுமென்று இளைஞர்கள் ஒரு கைவைத்தியம் சொல்கிறார்கள். ஒரு கருவியில் கூடும். இன்னொன்றில் இருந்ததும் போய்விடும். கணக்குப் பார்த்து வைத்த துளையைக் கணக்குப் பாராமல் அடைப்பானேன்?

நிற்க. அடைப்புச் சரியான பின்னும் கனம் போதாதென்பவர்கள் அடுத்து நாட வேண்டியது 'ஈக்குவலைசர்' என்னும் வசதியை. கைத்தொலைபேசியின் ஒலி அமைப்பிலோ, பாட்டுக் கேட்கும் செயலியிலோ அது இருக்கும். ஒவ்வொரு சுருதிப் பகுதிக்கும் ஒரு நெம்புகோல் போல வரிசையாக நிற்கும். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். இடது கோடியிலுள்ள கோல்களை உச்சிவரை தள்ளிவிடுகிறார்கள். மறுகணம் 'கர்கர்' என்ற இரைச்சல் எழுகிறது. உடனே, "மலிவுச் சாமான் இப்படித்தான்" என்று சலித்துக்கொள்கிறார்கள். ஒரு பகுதியை 6 டெசிபல் உயர்த்தினால் அதற்கு நான்கு மடங்கு மின்வலு வேண்டும். 10 டெசிபல் உயர்த்தினால் பத்து மடங்கு. 2,500 ரூபாக் குமிழிடம் பத்து மடங்கு கேட்பது நியாயமா?

விவேகமான வழி இதற்கு மாறானது. கனத்த ஒலியை இருந்த இடத்திலேயே விட்டு, நடுப் பகுதியையும் கீச்சுப் பகுதியையும் மூன்று நான்கு டெசிபல் இறக்குங்கள். பின்னர் மொத்த ஒலியளவைச் சற்று உயர்த்துங்கள். காதுக்குக் கிடைப்பது அதே கனம். தகட்டுக்கு மிகைச் சுமையும் இல்லை, இரைச்சலும் இல்லை. உயர்த்தியே தீரவேண்டுமாயின் 60 முதல் 100 வரையுள்ள கோலை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் உயர்த்தலாம். 250 என்று குறித்த கோலை உயர்த்தினால் 'கும்' வராது. கஞ்சிப் பானைக்குள் பேசுவது போன்ற ஒரு மந்தமே வரும்.

இதைக் கேட்ட பெரியப்பா ஓர் உவமை சொன்னார். மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறாரே, ஏன்? பாரம் ஏறினால் தோல் மெதுவாக அதிரும், நாதம் தாழும். அப்பும்போது ஒரு சிட்டிகை கூடினாலும் நாதம் செத்துப்போகும். "ஈக்குவலைசரும் ரவை மாதிரித்தான் தம்பி, கையளவு தெரியவேணும்" என்றார்.

புளூடூத் என்னும் கம்பியில்லாத் தொடர்பே கனத்த ஒலியைத் தின்றுவிடுகிறதென்று சிலர் கூறுவதுண்டு. எஸ்பிசி, ஏஏசி என்று குறியீட்டு முறைகளின் பெயரைச் சொல்லிச் சண்டையும் பிடிப்பார்கள். தொப்பி காணாமற் போன விஷயத்தில் அவற்றின் மேல் பழி போடுவது வீண். அவற்றால் நுட்பமான சேதம் வருமாயினும் அது வேறிடத்தில்தான் பெரும்பாலும் தெரியும். ஆயினும் ஒரு சந்தர்ப்பம் விலக்கு. ஹெட்போனின் ஒலிவாங்கி வேலை செய்யத் தொடங்கியவுடன், அதாவது அழைப்புப் பேசும்போதும், மடிக்கணினியில் இணையவழி வகுப்பு நடக்கும்போதும், கருவி சங்கீதத்துக்குரிய வழியை விட்டுப் பேச்சுக்குரிய ஒடுங்கிய வழிக்கு மாறிவிடுகிறது. அப்போது பாட்டைப் போட்டால் தகர டப்பாவில் தட்டுவது போலத்தான் இருக்கும். ஒலிவாங்கியைப் பிடித்துவைத்திருக்கும் செயலியை மூடினால் பழைய நாதம் திரும்பிவிடும். மருமகளின் ஹெட்போன் 'பழுதாகி' மூன்று வாரம் கிடந்த மர்மம் இவ்வாறுதான் துலங்கியது.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்லத் தோன்றுகிறது. பழைய தொலைபேசிக் கம்பிவழி செக்கனுக்கு 300 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைப் பெரும்பாலும் கொண்டுசெல்வதில்லை. ஆண்மகனின் குரலுக்கு அடிப்படையான சுருதியோ 100 அல்லது 150 அளவில் இருப்பது. அது வந்து சேராதபோதும், "அப்பாதான் பேசுகிறார்" என்று குழந்தை உடனே அறிந்துகொள்கிறது. மேலே எஞ்சிய இழைகளைக் கொண்டு மூளை தானாகவே அடியை இட்டு நிரப்பிக்கொள்கிறதாம். சிறிய ஒலிபெருக்கிகளில் நாம் கேட்கும் 'கும்' ஓரளவு நம் தலைக்குள்ளேயே பிறக்கிறது.

இனி, கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. கனம் போதாதபோது எல்லோரும் முதலில் செய்வது ஒலியளவை உயர்த்துவது. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. மெதுவாக ஒலிக்கும்போது மனிதக் காது தாழ்ந்த சுருதிகளைக் குறைவாகவே கேட்கிறது என்பதை 1933 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்போர் அளந்து காட்டினார்கள். ஒலியை உயர்த்தினால் தொப்பி மேலெழுவது உண்மையே. பஸ் வண்டியில் போகும்போதோ நிலைமை இன்னும் மோசம். இயந்திரத்தின் உறுமலும் அதே தாழ்ந்த சுருதிகளில் இருப்பதால், பாட்டின் கனத்தை அது விழுங்கிவிடுகிறது. காலி வீதி பஸ்ஸில் பக்கத்து இளைஞனின் காதிலிருந்து வழியும் பாட்டு நமக்கும் கேட்பது இதனால்தான். அவன் தேடுவது தொப்பி, இழப்பது காது.

வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாமென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். பிள்ளைகளுக்கு வரம்பு 75 டெசிபல். சரியான மூடி வெளி இரைச்சலையும் தடுப்பதால், குறைந்த ஒலியிலேயே முழுத் தவிலும் கேட்கும். ஆனால் அதே அடைப்பு, புகைவண்டியின் ஓசையையும் தடுக்கும். கடலோரப் பாதையில் தண்டவாளத்தைக் கடப்பவர்கள் இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே கடக்க வேண்டும்.

இன்னுமொன்று. எல்லா முறைப்பாட்டையும் றப்பர் மூடியால் தீர்க்கலாமென்று யாரும் எண்ணிவிடலாகாது. ஒரு காது திடீரென மந்தமானால், அன்றே வைத்தியரிடம் போவது முக்கியம். தாமதித்தால் திரும்பப் பெறுவது கடினம். படிப்படியாக மந்தமானாலும் சோதிப்பதே முறை. நம் பெரியப்பாவுக்குக் கீச்சொலியில் குறையிருப்பது மெய்தான். அதற்கு வேறு சிகிச்சை பேசிக்கொண்டிருக்கிறோம். "வயது போனால் அப்படித்தான்" என்ற நம்முடைய மருந்தை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை.

இப்போது வீட்டில் வேறொரு வழக்கு நடக்கிறது. மாலைத் தேநீருக்கு மூன்று தரம் கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லையென்று பெரியம்மா குறைப்படுகிறார். பெரியப்பா அதற்குச் செவிசாய்ப்பதாயில்லை. சென்ற ஞாயிறு போனபோது, மீதமிருந்த மூடிகளை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பத்திரமாக வைத்திருப்பதைக் காட்டினார். பின்னர், பல கை மாறிப் பிரதியெடுக்கப்பட்ட ஒரு திருவிழாப் பதிவைக் கேட்கத் தந்தார். அதில் உண்மையாகவே தொப்பி மங்கலாகத்தான் இருந்தது. மூலத்தில் இல்லாததை எந்த ஹெட்போனும் தராது என்று சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"இதிலை என்ரை காதிலை பிழையில்லை, தம்பி. மைக்கை நாதஸ்வரத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் வைச்சிருக்கிறாங்கள்."